பென்சில் தட்டாத இடம்

கவிதா, குமரன்,

போன மாதம் வானொலியில் என் குரலைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் சந்தோஷப்பட்டீர்கள். கவிதா அதைப் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் புலனத்தில் போட்டாள். குமரன் தன் ஆபீஸ் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பியதாகச் சொன்னான். அதில் நான் சொன்ன ஒன்று உண்மையில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டவன் எழுதுவது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு பழைய ஊழியர்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். என் முறை வந்தபோது அந்த அறிவிப்பாளர் பெண் கேட்டாள்: "அங்கிள், அந்தக் காலத்துல டேப்ப பிளேடால வெட்டுவீங்களாமே? வெட்டக் கூடாதத வெட்டினது ஏதாச்சும் உண்டா?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "மேலதிகாரி சொன்னா செய்ய வேண்டியதுதான் லா. நம்ம கையில என்ன இருக்கு?"

அவளும் சிரித்தாள். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த மேலதிகாரி தனபாலன் சார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் வெட்டியதை அவர் வெட்டச் சொல்லவில்லை.

நான் வானொலிக்கு வேன் ஓட்டத்தான் போனேன். மலாக்கா கிளையில் வெளிப்பதிவுக்கு ஒரு வேன், ஒரு பதிவுக் கருவி, ஒரு பதிவாளர். பதிவாளருக்கு முதுகு வலி. கருவியை நான் தூக்கினேன், பிறகு நான் பிடித்தேன், பிறகு நான் இயக்கினேன். மூன்றாம் வருடம் அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை.

அந்த நாட்களில் ஒரு நாள் வானொலி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. விடியும் முன் பக்திப் பாடல். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பசியாறும் நேரத்துக்குச் செய்தி. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, பள்ளிப் பாடம், பதினோரு மணிக்குப் பெண்களுக்கானது, மத்தியானம் நாடகம். டாக்டர் ஒருவர் வந்து சர்க்கரை வியாதிக்குப் பதில் சொல்வார். சாயங்காலச் செய்திக்கு முன்னால் மரண அறிவிப்பு. அந்த ஐந்து நிமிடம் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் குழாயைக்கூடத் திறக்க மாட்டார்கள். ஜாசினில் ஒருவர் இறந்தால் தங்காக்கில் இருக்கும் தம்பி வானொலியில் கேட்டுத்தான் பஸ் ஏறுவார். வானொலி சொன்னால் அது நடந்தது. சொல்லாவிட்டால் நடக்கவில்லை. சனங்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

எல்லாம் தலைநகரிலிருந்து வரும். எங்கள் கிளைக்கு அதில் வாரம் ஒரு கால் மணி நேரம், வெள்ளிக்கிழமை நாலரைக்கு. வேலை விட்டுக் குளித்துவிட்டுத் தேநீர் குடிக்கிற நேரம். தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களைப் பேசவைத்துக் கொண்டுவந்து, வெட்டி ஒட்டிப் பதின்மூன்றரை நிமிடமாக்கிக் கொடுப்போம்.

வெட்டுவது இப்படித்தான். சுழலும் ஒலிநாடாவை நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, வார்த்தை தொடங்கும் இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். நாடாவின் முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. இன்னொரு முனையில் இன்னொரு கோடு. இரும்புக் கட்டையின் பள்ளத்தில் நாடாவை வைத்து, பிளேடால் சாய்வாக ஒரு இழுப்பு. வேண்டாத துண்டு காலடிக் கூடையில். இரண்டு முனையையும் சேர்த்து வெள்ளை ஒட்டுநாடா போட்டு நகத்தால் தேய்க்க வேண்டும். பேசுகிறவரின் மூச்சை நாடாவில் விட்டுவைத்து வெட்டினால் ஒட்டு தெரியாது. எனக்கு அது நன்றாகக் கைவந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

எதை வெட்டுவது என்பது தனபாலன் சார் கையில். அவர் ஒரு நாளும் 'வெட்டு' என்று சொன்னதில்லை. புதன்கிழமை காலை அவர் அறையில் நாடாவைப் போட வேண்டும். கண்ணை மூடிக்கொள்வார். கையில் ஒரு சிவப்புப் பென்சில். வேண்டாத இடம் தொடங்கும்போது அதன் பின்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு, முடியும்போது ஒரு தட்டு. அந்த நேரத்தில் கருவி காட்டும் எண்ணை நான் எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "பசியாறிட்டியா பெருமாள்?" என்பார். அவ்வளவுதான். குரல் உயர்த்திக் கேட்டதில்லை. அவர் தட்டாத இடத்தில் நான் கை வைத்ததும் இல்லை, அந்த ஒரு தடவை தவிர. இருமல், திக்கல், சொன்னதையே சொல்வது, இவற்றை மட்டும் நேரத்துக்காக நானே குறைக்கலாம்.

இனி அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். பெயர் எழுதப் போவதில்லை. ஜாசின் பக்கம் என்பது போதும். கோயில் தீமிதிக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்கான ஏற்பாடுகளைப் பதிவு செய்யப் போனேன். தோட்டம் கை மாறிவிட்டது, வீடு கட்டப்போகிறார்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

கோயில் வாசலில் பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். "யார் பேசுறீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். அஞ்சலை அக்கா. நாற்பது வயது இருக்கும். பால்மரம் வெட்டுகிறவர், புருஷன் இல்லை. யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்களாம்.

"ரேடியோக்காரருன்னா ஒசரமா இருப்பாருன்னு நெனச்சேன்," என்றார் என்னைப் பார்த்து.

"அண்ணி, மொதல்ல மைக்க பாருங்க, கடிக்கப்போவுது," என்றார் பக்கத்தில் இருந்தவர். அது ராக்கம்மா. அஞ்சலை அக்காவின் நாத்தனார். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே பலகைச் சுவர். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு என்று சொல்லிச் சிரித்தார்கள்.

நான் கேட்டேன்: "நிர்வாகம் கோயிலுக்கு உதவி செஞ்சிருக்காங்களாமே?"

அக்கா சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன். "ஆமாங்க. தண்ணி டாங்கி குடுத்தாங்க. கூரைக்குத் தகரம் குடுத்தாங்க. அவங்க நல்லா இருக்கட்டும்." ஒரு மூச்சு இழுத்தார். "ஆனா வீட்ட காலி பண்ணுன்னு கடுதாசி குடுத்திருக்காங்க. எங்க போறதுன்னு சொல்லல. மாத்து வீடு குடுத்தாத்தான் போவோம். யாரும் கையெழுத்துப் போடல, போடவும் மாட்டோம். எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்."

மைக்கை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இத போடுவீங்களா? டாங்கி தகரம்லாம் விட்டாலும் பரவால்ல. இதுதான் முக்கியம். மத்த தோட்டத்துச் சனமும் கேக்கணும்."

"போடுவோம்க்கா," என்றேன்.

வேனில் கருவியை ஏற்றும்போது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி, வந்தார். "தம்பி, பாத்துப் போடுங்க. கோயில் விசேஷத்த போடுறீங்க, நல்லது. மத்ததெல்லாம் போட்டா மேலிடத்துல கேப்பாங்க," என்றார். மிரட்டல்கூட இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார், வேன் கதவையும் அவரே சாத்திவிட்டார்.

புதன்கிழமை சார் அறையில் நாடாவைப் போட்டேன். ஏழு இடத்தில் தட்டினார். அஞ்சலை அக்கா பேசும் இடம் வந்தது. "ஆனா" என்றதும் பென்சில் கையில் அப்படியே நின்றது. தட்டவில்லை. கடைசி வார்த்தைவரை தட்டவில்லை. கண்ணைத் திறந்து நாடா சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல, "பசியாறிட்டியா பெருமாள்?" என்றார்.

தட்டினதையெல்லாம் வெட்டி ஒட்டிப் பார்த்தால் நாற்பது விநாடி அதிகம் இருந்தது. நாற்பது விநாடியை எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். கோயில் பம்பை மேளச் சத்தமே ஒன்றரை நிமிடம் இருந்தது. கவிதா, அப்போது நீ உன் அம்மா வயிற்றில் ஐந்து மாதம். நிரந்தரமாக்க வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயர் மேலே போயிருந்தது. நிரந்தரமானால் ஊழியர் குவார்ட்டர்ஸில் வீடு கிடைக்கும். கிராணி யாரிடமாவது சொல்லி, யாராவது மேலே கேட்டு, மேலே கேட்டவர் பட்டியலைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கட்டும்" முடிந்த பிறகு அந்த மூச்சை விட்டு வைத்தேன். "ஆனா"வுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டேன். மூச்சு முடிந்ததும் பம்பை. ஒட்டு தெரியவே இல்லை. என் கையால் செய்ததிலேயே சுத்தமான ஒட்டு அதுதான்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அது போனது. சார் தன் அறையில் சின்ன டிரான்சிஸ்டரில் கேட்பார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நான் தட்டலயே," என்றார்.

"நேரம் போதல சார்."

"பம்பைய கொறச்சிருக்கலாம்." கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "துண்டு இருக்கா? அடுத்த வாரம் தனியாப் போட்டுடலாம்."

"குப்பையில போயிடுச்சு சார்."

போகவில்லை. என் மேசைக்கடியில் கூடையில்தான் கிடந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, போ," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. என்னைப் பற்றிய அறிக்கையில் 'நம்பத்தகுந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை அந்த வார்த்தைதான் அதிகம் வலிக்கிறது.

திங்கட்கிழமை அஞ்சலை அக்கா இரண்டு பஸ் மாறி மலாக்காவுக்கு வந்துவிட்டார். வேலைக்குப் போகவில்லை போல, நல்ல சேலை கட்டியிருந்தார். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"தம்பி, நான் பேசுனது முழுசா வரலியே?"

"ஆமாக்கா... சார்தான் வெட்டச் சொல்லிட்டாரு."

"அப்ப சாரப் பாக்கறேன். நான் ஒண்ணும் சண்ட போட மாட்டேன்."

"சார் கோலாலம்பூர் போயிருக்காருக்கா."

சார் பத்தடி தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தார்.

அக்கா சத்தம் போடவில்லை. "லயத்துல என்ன பேச்சு தெரியுமா? நிர்வாகத்துக்கிட்ட நான் மட்டும் தனியா வீடு வாங்கிட்டேனாம். அதான் ரேடியோவுல நன்றி சொன்னேனாம். கிராணி ஊடு ஊடாப் போயி, 'அஞ்சலையே சொல்லிடுச்சு, ஒங்களுக்கு என்னா'ன்னு கேக்கறாரு. ராக்கம்மா எங்கிட்ட பேச மாட்டேங்கிறா. ரேடியோவுல வேணாம் தம்பி. ஞாயித்துக்கிழம கோயில் முன்னால எல்லாரையும் கூட்டுறேன். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, அஞ்சலை மிச்சத்தயும் பேசுச்சுன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. ரேடியோக்காரரு."

"வரேன்க்கா," என்றேன். பத்து மணி என்றும் நானே சொன்னேன்.

போனேன். அதுதான் கேவலம். மோட்டார் சைக்கிளில் கோயில் திருப்பம் வரைக்கும் போனேன். மரங்களுக்கு நடுவில் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி கிராணி சைக்கிளோடு நின்றார். அவரைக் கண்டதும் மோட்டாரைத் திருப்பிவிட்டேன். உங்கள் அம்மாவிடம் டயர் பஞ்சர் என்று சொன்னேன்.

நாலு மாதத்தில் நிரந்தரக் கடிதம் வந்தது. குவார்ட்டர்ஸும் வந்தது. கவிதா, நீ தவழ்ந்தது அந்த வீட்டில். குமரன் பிறந்தது அங்கே. நான் வேலையில் இருந்த மிச்ச வருடங்களில் எத்தனையோ நல்ல நிகழ்ச்சி செய்திருக்கிறேன். அதையெல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், திரும்ப எழுத வேண்டியதில்லை.

அஞ்சலை அக்கா புக்கிட் காத்திலில் மகன் வீட்டில் இருப்பது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். நம் வீட்டிலிருந்து மோட்டாரில் பதினைந்து நிமிடம். போன மாதம் வானொலியில் சிரித்துக்கொண்டே செத்தவர் மேல் பழி போட்ட பிறகு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் போனேன்.

வீட்டு முன் கூரைக்கடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெள்ளை. நான், "அக்கா," என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ரேடியோ தம்பி. கொரல்லயே தெரியுது. அன்னிக்கு ரேடியோவுல பேசுனியே, கேட்டேன். மேலதிகாரி சொன்னாருன்னு."

"சார் சொல்லலக்கா. நானாத்தான் வெட்டினேன்."

கீரை உருவுவது நிற்கவில்லை. "ஏன்?"

"வேல நிரந்தரமாகாம இருந்துச்சு. குவார்ட்டர்ஸ் வீடு வர வேண்டியிருந்துச்சு. பயம்க்கா."

"வீடு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எத்தன ரூமு?"

"ரெண்டு."

"ம்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பம்வரை வந்ததையும் சொன்னேன். "தெரியும்," என்றார். "ஒன் மோட்டார் சத்தம் கேட்டுச்சு. 'வந்துட்டாரு, வந்துட்டாரு'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்பறம் சத்தம் தேஞ்சுபோச்சு. கிராணி சிரிச்சாரு. நான் கற்பூரம் ஏத்தி அடிச்சு சத்தியம் பண்ணேன். ராக்கம்மா எழுந்திருச்சு என்னா சொன்னா தெரியுமா? 'ரேடியோவுல எல்லாரும் எங்க காதால கேட்டோம் அண்ணி, கற்பூரமா பேசப்போவுது?' அவதான் மறுநாளு மொதக் கையெழுத்து. ரெண்டே வாரத்துல எல்லாரும் போட்டுட்டாங்க. வீடும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆளுக்கொரு பக்கம் போனோம். கடைசியா போனது நாந்தான். அத யாரு பாத்தா?"

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"கேக்க வேண்டிய ராக்கம்மா ரெண்டு வருஷம் முன்ன செத்துட்டா. எழவுக்குப் போனேன். அவ மவன் என்ன வாசல்லயே நிறுத்திட்டான். முனியாண்டி. நான் தூக்கி வளத்த புள்ள. உம்பாய்ல இருக்கான். அவன்கிட்ட போய் சொல்லு."

"ஞாயித்துக்கிழம போறேன்க்கா."

"ஞாயித்துக்கிழமன்னு எங்கிட்ட சொல்லாத. இப்ப போ."

உடனே உம்பாய் ஊருக்குப் போனேன். முனியாண்டி மீன் கடைகளுக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறான். வீட்டு முன்னால் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஐம்பது வயதை நெருங்கிவிட்டான். யார் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு, பம்பை, கூடையில் கிடந்த துண்டு, திருப்பத்தில் திரும்பின மோட்டார். அவன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே கேட்டான். தண்ணீர் அவன் காலிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு அங்கிள் இப்ப வந்து சொல்றீங்க?" என்றான். "எங்கம்மா இல்லியே."



குழாயை மூடினான். "ஆஸ்பத்திரில கடைசி ரெண்டு நாளு 'அண்ணிய கூட்டியாங்க, அண்ணிய கூட்டியாங்க'ன்னே சொல்லிட்டு இருந்தாங்க. நாந்தான் கூப்பிடல. போன் நம்பர் இருந்துச்சு. நம்மள வித்தவங்களுக்கு இங்க என்னா வேலன்னு விட்டுட்டேன். சின்ன வயசுலேர்ந்து அப்படியே கேட்டு வளந்தாச்சு." அப்புறம் லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டான். இதை அத்தையிடம் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

உம்பாயிலிருந்து திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. முனியாண்டி புரிந்துகொண்டான், வருத்தப்பட்டான் என்று மட்டும் சொன்னால் அக்காவுக்கு நிம்மதியாக இருக்கும். இவ்வளவு பக்கத்தில் ஒருத்தி இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டே செத்தாள் என்பதை இந்த வயதில் அவர் எதற்குக் கேட்க வேண்டும்? நல்ல மனதோடுதான் அதை விட்டுவிட நினைத்தேன். அன்று நாடாவை வெட்டியபோதும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. நாற்பது விநாடி.

அக்கா அதே இடத்தில்தான் இருந்தார். கீரை முடிந்து தட்டு ஓரமாக இருந்தது. முனியாண்டி சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவன் கூப்பிடாமல் விட்டதையும் சொன்னேன்.



"அண்ணின்னா சொன்னா? பேரச் சொல்லலியே?"

"இல்லக்கா. ரெண்டு நாளும் அண்ணின்னுதான்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."

உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.